ஒரே ஆலையில் ஆள் உபரியும் ஆள் பஞ்சமும்: பழைய சோவியத் கால இயந்திர ஆலையின் திறனை எப்படி அளப்பது?

தாஷ்கண்ட்_தபால் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். உஸ்பெகிஸ்தானில் தனியார் கைக்குப் போகவிருக்கும் ஒரு பழைய இயந்திர உதிரிபாக ஆலையின் ஆள்பட்டியலை வைத்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். மொத்தம் 610 பேர். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வேலை செய்யும் டர்னர் மட்டும் 118 பேர், அதில் 90 பேருக்கு மேல் 5ஆம், 6ஆம் தரம். காகிதத்தைப் பார்த்தால் இதைவிடத் திறமையான ஆலை கிடையாது. ஆனால் அதே நிர்வாகம் "சிஎன்சி (கணினி வழி இயங்கும் லேத்) ஓட்ட ஆளே கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. புதிதாக 24 சிஎன்சி லேத் வரப்போகிறது, மூன்று ஷிஃப்ட்.

என் கேள்விகள்: (1) இத்தனை உயர்தர ஆட்கள் இருந்தும் பற்றாக்குறை என்பது எப்படி? (2) பட்டியலை நம்பாமல் உண்மையான திறனை அளக்க நடைமுறையில் என்ன செய்வது? (3) எத்தனை பேர் உபரி, எத்தனை பேர் குறைவு என்று எண்ணாகச் சொல்ல முடியுமா?

---

நிழல்விலை எழுதியது:

முதலில் அந்தத் தர எண்ணைத் தள்ளி வையுங்கள். சோவியத் கூலி முறையில் பெரும்பாலான தொழில்களுக்கு 1 முதல் 6 வரை தரம். தரத்துக்கான கூலி மேலிருந்து நிர்ணயமாகி வரும். அடித்தரத்துக்கும் உச்சத் தரத்துக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட இருக்காது. ஒரு நல்ல ஆளைப் பக்கத்து ஆலைக்குப் போகாமல் நிறுத்தி வைக்க ஃபோர்மேன் கையில் இருந்த சுலபமான வழி, தரத்தை ஏற்றிக் கொடுப்பதுதான். இப்படிப் பல பத்தாண்டுகள் ஏற்றியதன் விளைவு உங்கள் பட்டியலில் இருக்கும் அந்த 90 பேர். 6ஆம் தரம் என்பது "இவருக்கு இவ்வளவு கூலி கொடுக்க முடிவு செய்தோம்" என்று மட்டும் சொல்கிறது. சிலர் உண்மையிலேயே கைதேர்ந்தவர்களாக இருப்பார்கள். யார் என்று தாள் சொல்லாது.

உபரி வந்த கதை வேறு. அரசு போட்ட திட்ட இலக்கை எப்படியாவது முடிக்க வேண்டும். மூலப்பொருள் மாதக் கடைசியில்தான் வந்து சேரும். கடைசிப் பத்து நாளில் பேயாக ஓட வேண்டும். அதற்காக மாதம் முழுக்க ஆளைக் கையிருப்பில் வைத்திருந்தார்கள். கூலிக்கான நிதியும் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தே ஒதுக்கப்பட்டதால், ஆளைக் குறைத்தவருக்கு நஷ்டம்தான். இதோடு, வெளியிலிருந்து உதிரிபாகம் வரும் என்ற நம்பிக்கை இல்லாததால் ஒவ்வொரு ஆலையும் சொந்தமாக ஃபவுண்டரி, போல்ட் நட்டுப் பிரிவு, பழுதுபார்ப்புப் பட்டறை, லாரி ஷெட் எல்லாம் வைத்திருந்தது. சோவியத் தொழில்துறையில் துணைவேலைக்காரர்களே ஏறக்குறையப் பாதி. உங்கள் 610-ஐ நேரடி உற்பத்தி, துணைவேலை என்று பிரித்துப் பாருங்கள், படம் தெளிவாகும்.

1991-க்குப் பிறகு சந்தை வந்ததும் இது தானாகச் சரியாகவில்லை. ரஷ்யாவில் சராசரிக் கூலி ஓர் அளவைத் தாண்டினால் ஆலைக்குக் கூடுதல் வரி என்று 1995 முடியும் வரை இருந்தது. சராசரி அல்லவா? பத்துப் பேரை அடிமாட்டுக் கூலியில் பட்டியலில் வைத்திருந்தால் சராசரி இறங்கும், வரி தப்பும். முறைப்படி ஆள் குறைக்கப் போனாலோ இரண்டு மாத நோட்டீஸ், அதன் மேல் இழப்பீடு. சம்பளமில்லா விடுப்பு கொடுத்து, ஆளே சலித்துப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும் என்று காத்திருப்பது மலிவு. போலந்தில் 1990-இல் போட்ட கூலி வரி அரசு ஆலைகளை இறுக்கியது. 1991 முதல் தனியாருக்கு விலக்கு. நல்ல வெல்டரும் எலக்ட்ரீஷியனும் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

உஸ்பெகிஸ்தானுக்கு மட்டும் உரிய இரண்டு விஷயம். ஆலைகளின் பொறியாளர்களிலும் உயர்திறன் தொழிலாளர்களிலும் ரஷ்யர், உக்ரேனியர், ஜெர்மானியர், தாத்தார் விகிதம் அதிகமாக இருந்தது. 1990-களில் அவர்களில் கணிசமானோர் குடிபெயர்ந்துவிட்டார்கள். 1941-இல் மாஸ்கோ அருகிலிருந்து தாஷ்கண்ட்டுக்கு இடம் மாற்றிய விமான ஆலை, பிறகு இலியூஷின்-76 சரக்கு விமானம் செய்தது. அப்படிப்பட்ட இடங்களில் சேர்ந்திருந்த அனுபவம் அந்த மக்களோடு போனது. அடுத்து, 1997 சீர்திருத்தத்தில் 9 வகுப்பு முடித்தவர்கள் 3 ஆண்டு கல்லூரி அல்லது லைசியம் போக வேண்டும் என்று ஆக்கினார்கள். தொழிற்கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. முன்பு தொழிற்பள்ளி ஓர் ஆலையோடு கட்டப்பட்டிருக்கும், பையன் அந்த ஆலையின் லேத்திலேயே கை பழகுவான். அந்தக் கயிறு அறுந்துவிட்டது. 2017-க்குப் பிறகு மறுபடி 11 வகுப்புக்குத் திரும்பினார்கள். ஆக இன்று 25 முதல் 40 வயதுள்ளவர்களில் "டர்னர்" என்று டிப்ளமோ வைத்திருப்பவர் ஓடும் இயந்திரத்தில் எத்தனை மணி நேரம் நின்றார் என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

---

மைக்ரான்13 எழுதியது:

நிழல்விலை சொன்ன காரணங்கள் சரி. நான் இரண்டாவது, மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். 24 லேத், ஓர் ஆபரேட்டருக்கு 2 மெஷின் என்றால் ஷிஃப்டுக்கு 12, மூன்று ஷிஃப்டுக்கு 36. விடுப்பு, நோய்க்கு 15 சதவீதம் சேர்த்தால் 42. செட்டர் (மெஷினில் டூலையும் அளவையும் அமைத்துத் திருத்துபவர்) 8 மெஷினுக்கு ஒருவர்: ஷிஃப்டுக்கு 3, மொத்தம் 9, விடுப்புக்குச் சேர்த்து 11. ஆக 53. டூல்ரூமுக்கும் பழுது வேலைக்கும் கை லேத் ஓட்ட 15 பேரை வைத்துக்கொள்ளுங்கள். 118-இல் 50 பேர் உபரி. ஆனால் அந்த 118 பேரைச் சலித்தால் செட்டர் ஆகத் தேறுபவர் இன்றைக்கு 3 அல்லது 4 பேர்தான் இருப்பார்கள். 50 உபரி, 7 அல்லது 8 செட்டர் பஞ்சம், இரண்டும் ஒரே பட்டியலில். நிர்வாகம் பொய் சொல்லவில்லை.

இனி சோதனை. நேர்காணல் வேண்டாம், ஜாப் கொடுங்கள்.

முதலில் டிராயிங், 20 நிமிடம். பழைய ஆலையின் டிராயிங் முதல் கோண வீழ்ப்பு (பக்கத் தோற்றத்தைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்ற மரபு). கொரிய, ஜப்பானிய வாடிக்கையாளர் தருவது மூன்றாம் கோணம். மூலையில் இருக்கும் கூம்புக் குறியைக் கவனிக்காதவர் துளையை எதிர்ப்பக்கம் போட்டுவிடுவார். ஆளுக்கு ஒரு மூன்றாம் கோண டிராயிங் கொடுத்து "இந்தக் கீவே (சாவிப் பள்ளம்) எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேளுங்கள். அதோடு வயதானவர்கள் மேற்பரப்பை முக்கோணக் குறியின் தர எண்ணில் நினைப்பார்கள். பழைய 7ஆம் தரம் என்றால் ஆர்ஏ (மேற்பரப்புச் சொரசொரப்பு) 1.25 மைக்ரான் வரை. இது தெரியாத குறை இல்லை, பழக்கம். ஒரு மாற்று அட்டவணையைச் சுவரில் ஒட்டினால் ஒரு வாரத்தில் தீரும். வீழ்ப்புக் குழப்பம் அப்படி ஒரு வாரத்தில் தீராது.

அடுத்தது ஓடும் சோதனை. 40 மி.மீ. சி45 எஃகுக் கம்பி, விட்டம் 30 எச்6 (சிறிய h, தண்டுக்கான டாலரன்ஸ், அதாவது அனுமதித்த அளவு வித்தியாசம்), நீளம் 50, ஒரு முனையில் எம்24×1.5 மரை. ஐந்து பீஸ். ஆளே அளந்து தாளில் எழுத வேண்டும், பிறகு அதே பீஸை 20 டிகிரி அறையில் வேறொருவர் அளப்பார். 30 எச்6 என்றால் 29.987 முதல் 30.000 வரை, மொத்தம் 13 மைக்ரான். பீஸ் சைஸில் இருக்கிறதா என்பதைவிட, அவர் எழுதிய எண்ணும் அறையில் வந்த எண்ணும் எவ்வளவு ஒட்டுகிறது என்று பாருங்கள். சைஸ் தப்பியும் "தப்பிவிட்டது" என்று சரியாக எழுதியவரைத் தேற்றலாம். எல்லாம் ஓகே என்று எழுதிவைத்த ஸ்க்ராப் வாடிக்கையாளர் வீடு வரை போய்ச் சேரும்.

ஒரு எச்சரிக்கை. அங்கே கோடையில் பட்டறை 40 டிகிரியைத் தொடும். சூடான பீஸை ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த மைக்ரோமீட்டரால் அளந்தால், 30 மி.மீ. எஃகில் 15 டிகிரி வித்தியாசத்துக்கு 5 மைக்ரான் பெரிதாகக் காட்டும். 13-இல் 5 போய்விடும். மேலும் பழைய ஆலையில் இருப்பது 0.01 மி.மீ. மைக்ரோமீட்டர். 13 மைக்ரான் டாலரன்ஸை அதால் அளக்கச் சொல்லிவிட்டு ஆளுக்குத் திறன் இல்லை என்று எழுதுவது அநியாயம். 0.001 படிக்கும் டிஜிட்டல் மைக்ரோமீட்டரோ நல்ல ஸ்னாப் கேஜோ கொடுத்த பிறகு மதிப்பெண் போடுங்கள்.

அடுத்து ஆஃப்செட் (டூலின் நிலைக்கு மெஷினில் போடும் எண்) திருத்தம். செட்டர் யார், ஆபரேட்டர் யார் என்று இங்கேதான் பிரியும். பீஸ் 30.012 வருகிறது. நடு அளவு 29.9935, எனவே தேய்மானத் திருத்தம் எக்ஸ் அச்சில் மைனஸ் 0.0185. சிஎன்சி லேத் வழக்கமாக விட்டக் கணக்கில் ஓடும், முழு எண்ணையும் போட வேண்டும். டயல் வெட்டு ஆழத்தைக் காட்டும் கை லேத்தில் பழகியவர் கை தானாகப் பாதியாக்கி 0.009 போடும், பீஸ் 30.003-இல் நிற்கும், இன்னும் ரிஜெக்ட். குறியை மாற்றிப் போட்டவருக்கு 30.030 வரும். பாதியாக்கியவருக்கு ஒரு முறை சொன்னால் போதும். குறி மாறியதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது பீஸையும் ஓட்டியவரைச் செட்டர் வரிசையில் வைக்காதீர்கள்.

கடைசியாக வெட்டுவேகம். பழைய சோவியத் 16கே20 கை லேத்தின் உச்சம் நிமிடத்துக்கு 1600 சுற்று. பூச்சுள்ள கார்பைடு இன்சர்ட்டுக்கு (மாற்றிப் போடும் வெட்டுமுனை) சி45 எஃகில் நிமிடத்துக்கு 200 மீட்டர் தேவை, 30 மி.மீ. விட்டத்தில் அது 2120 சுற்று. வாழ்நாளில் பார்க்காத வேகம், பயம் வரும், ஃபீட் ஓவர்ரைடு நாபை (டூல் நகரும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) பாதியில் வைத்துவிடுவார்கள். ஃபீட் குறைந்தால் சிப் பிரேக்கர் (உலோகச் சீவலை உடைக்கும் பள்ளம்) வேலை செய்யாது. சிப் நூடுல்ஸ் மாதிரி நீளமாகச் சக்கில் சுற்றும், ஃபினிஷ் கெடும், அதை எடுக்க மெஷினை நிறுத்துவார்கள். நிர்வாகம் "மெஷின் சரியில்லை" என்று எழுதும். அந்த நாப் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: டி15கே6 கார்பைடு முனை வைத்துப் பிரேஸ் செய்த டூலைப் பச்சைச் சாணைக் கல்லில் கையால் தீட்டத் தெரிந்த பழைய டர்னர்களை வயதைப் பார்த்து ஒதுக்காதீர்கள். தீட்டும் வேலைக்கு இனி தேவையில்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டே அதிர்வைச் சொல்பவர், சிப் நிறம் பார்த்து வேகத்தைச் சொல்பவர் அவர்தான். கணக்கு வருமா, விசைப்பலகைக்கு இறங்கி வருவாரா என்று மட்டும் பார்த்தால் போதும். கல்லூரியிலிருந்து வரும் பையனுக்குத் திரையில் ஜி-கோடு பாடம் தெரியும், மெஷின் ஏன் கத்துகிறது என்று தெரியாது. இருவரையும் ஒரே செல்லில் (சேர்ந்து இயங்கும் மெஷின் குழுவில்) ஜோடியாகப் போடுங்கள்.

---

ரிலே_காண்டாக்டர் எழுதியது:

டர்னரையே பேசுகிறீர்கள், ஆலை நிற்பது பெரும்பாலும் மெயின்டனன்ஸில். பழைய பழுதுப் பட்டறை ஆட்களுக்கு உடைந்த கியரை அளந்து புதிதாக வெட்டிப் போடத் தெரியும், அது உண்மையான திறமை. புதிய லேத்தில் உடைவது கியர் அல்ல, சென்சார்.

எலக்ட்ரீஷியனுக்குச் சோதனை இப்படி வையுங்கள்: ஒரு மெஷினில் 24 வோல்ட் பக்கம் ஒரு ஃப்யூஸைக் கழற்றி, ஓர் அருகுணர் சென்சாரை 10 மி.மீ. தள்ளி வைத்து, ஒரு லிமிட் சுவிட்ச் ஒயரைத் தளர்த்திவிடுங்கள். சர்க்யூட் டிராயிங்கும் மல்டிமீட்டரும் கொடுங்கள். 45 நிமிடம். ரிலே காலத்து ஆள் மோட்டார் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குவார். தெரிந்தவர் முதலில் பிஎல்சி (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) இன்புட் விளக்குகளைப் பார்ப்பார், எது எரியவில்லையோ அங்கிருந்து பின்னால் போவார். நேரத்தைவிட இந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரிலும் ஒரு கண் வேண்டும். ஜெர்மன் மெஷினில் பெரும்பாலும் பிஎன்பி சென்சார் (பிளஸ் பக்கம் இணைப்பது), ஜப்பானிய மெஷினில் என்பிஎன் (மைனஸ் பக்கம் இணைப்பது) அதிகம். மாற்றிப் போட்டால் சென்சார் விளக்கு எரியும், இன்புட் வராது. ஒரு ஷிஃப்ட் முழுக்கப் போய்விடும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தால் அந்த ஸ்டோர்கீப்பருக்கும் பயிற்சி தேவை.

மொழிச் சிக்கலையும் பட்டியலில் சேருங்கள். பழைய ஆட்கள் ரஷ்ய மொழி மேனுவலை வாசிப்பார்கள். 1993-க்குப் பிறகு லத்தீன் எழுத்தில் உஸ்பெக் படித்துவந்த இளைஞர்களில் பலருக்கு ரஷ்யத் தொழில்நுட்ப வாசகம் ஓடாது, ஆங்கிலமும் ஓடாது. அலாரம் எண்களில் அடிக்கடி வரும் 40-ஐ எடுத்து, உஸ்பெக் மொழியில் "என்ன பொருள், முதலில் எதைப் பார்க்க வேண்டும்" என்று ஒரே தாளில் எழுதி மெஷின் கதவில் ஒட்டுவது எந்த வகுப்பையும்விட வேகமாகப் பலன் தரும்.

---

கூலிக்கணக்கு எழுதியது:

எல்லாரும் திறன் என்றே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். "ஆள் கிடைக்கவில்லை" என்று ஓர் ஆலை சொன்னால் நான் முதலில் கேட்பது: என்ன சம்பளத்துக்கு?

ஐரோப்பிய மறுசீரமைப்பு வங்கியும் உலக வங்கியும் 1999 முதல் இந்த நாடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் நிறுவனக் கணக்கெடுப்பில், போதிய கல்வியில்லாத பணியாளர்கள் எவ்வளவு பெரிய தடை என்று முதலாளியிடமே கேட்கிறார்கள். வருவது முதலாளியின் கருத்து. அவர் கொடுக்கும் கூலி அந்தப் பதிலில் தெரியாது. ரஷ்ய ஆலைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, பற்றாக்குறை என்று விடாமல் புலம்பியவை பெரும்பாலும் கூலி குறைவாகத் தரும், செயல்திறன் குறைந்த ஆலைகள் என்பதுதான். அதே ஊரில் நன்றாக ஓடும் ஆலைக்கு ஆள் கிடைத்துக்கொண்டிருந்தது.

இடப் பொருத்தமும் இருக்கிறது. ஸ்லோவாக்கியாவைப் பாருங்கள். கார் ஆலைகள் பிராத்திஸ்லாவா, த்ர்னவா, ஜிலினா, நித்ரா என்று மேற்கிலும் வடமேற்கிலும். வேலையில்லாதவர்கள் கிழக்கிலும் தெற்கு நடுப்பகுதியிலும். தலைநகரிலிருந்து கோஷித்சே சுமார் 400 கி.மீ. மாறிப் போகலாமே என்றால், 1990-களில் அரசுக் குடியிருப்புகளைக் குடியிருந்தவருக்கே சல்லிசாக விற்றுவிட்டார்கள். கிழக்கில் ஒரு ஃபிளாட்டை விற்ற காசில் பிராத்திஸ்லாவாவில் ஓர் அறை வராது. வாடகை வீடு அரிது. அதனால் ஆலைகள் செர்பியா, உக்ரைனிலிருந்து ஆள் எடுத்து ஹாஸ்டலில் வைத்தன. இதற்குப் பயிற்சி மையம் திறந்து என்ன செய்வது?

உங்கள் ஆலைக்கு: 30 கி.மீ. சுற்றளவில் சிஎன்சி செட்டருக்கு மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ரஷ்யாவிலோ கஜகஸ்தானிலோ கட்டட வேலைக்குப் போனால் கையில் என்ன மிஞ்சும், அரசு ஒப்பந்தத்தில் தென்கொரியா போனால் என்ன மிஞ்சும் என்று அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஆலை தரும் சம்பளம் அந்த மூன்றுக்கும் கீழே என்றால் மைக்ரான்13 சொன்ன சோதனையெல்லாம் நடத்தி, தேறியவர்களுக்கு ஊரைவிட்டுப் போக ஒரு சான்றிதழ் கொடுத்ததாகத்தான் ஆகும்.

---

தாஷ்கண்ட்_தபால் எழுதியது:

மிகப் பயனுள்ள பதில்கள், நன்றி. இரண்டு சந்தேகம். பீஸ்ரேட் கூலி (செய்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி) இன்னும் நடக்கிறது. அதன் உற்பத்திப் பதிவேட்டை வைத்துத் திறனை ஊகிக்கலாமா? பயிற்சிக்கு எவ்வளவு காலம் போடுவது, பயிற்சி முடிந்ததும் ஓடிவிடாமல் இருக்க பாண்டு எழுதி வாங்கலாமா?

---

மைக்ரான்13 எழுதியது:

பதிவேட்டை நம்ப வேண்டாம். இலக்கைத் தாண்டினால் அடுத்த முறை இலக்கையே ஏற்றிவிடுவார்கள் என்பது அங்கே மூன்று தலைமுறைப் பாடம். எல்லாரும் 103, 105 சதவீதத்தில் நிற்பதைப் பார்ப்பீர்கள். 140 போடத் தெரிந்தவரும் 105 தான் காட்டுவார், வேலையைச் சுருக்கும் அவருடைய ஜிக் (பிடிப்புக் கருவி) அலமாரிக்குள் பூட்டியிருக்கும். பீஸ்ரேட்டில் அளக்க மெஷினை நிறுத்தினால் அவர் காசு போகிறது. தரத்தைப் பார்ப்பது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் வேலை, நம் வேலை இல்லை என்பதும் சேர்ந்து ஊறியிருக்கிறது. சிஎன்சி செல்லில் பீஸ்ரேட்டை எடுத்துவிட்டு மணிக்கூலியும் ரிஜெக்ட் குறைவுக்கு ஊக்கத்தொகையும் வையுங்கள். அதைச் செய்யாமல் சுயபரிசோதனை அட்டையை மட்டும் தொங்கவிட்டால் ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக உட்கார்ந்து ஒரே மாதிரி எண்களை எழுதுவார்கள்; பத்து வரியும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து.

காலம்: நல்ல கை டர்னர் சிஎன்சி ஆபரேட்டராக 6 முதல் 8 வாரம். செட்டருக்கு 9 முதல் 12 மாதம், அதற்குக் கீழே யார் வாக்குக் கொடுத்தாலும் நம்பாதீர்கள். மெஷின் வந்து இறங்கும் முன்பே 11 இடத்துக்கு 16 பேரைத் தேர்ந்தெடுங்கள், நாலைந்து பேர் வழியில் கழன்றுகொள்வார்கள். முதல் ஆறு மாதம் மெஷின் விற்ற நிறுவனத்தின் ஆளை ஷிஃப்டுக்கு ஒருவராவது கூடவே நிறுத்துங்கள். 1991-இல் ஃபோக்ஸ்வாகன் ஸ்கோடாவுக்குள் வந்தபோது செக் மேலாளருக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து வந்த மேலாளர் ஒருவரை ஜோடியாக உட்கார வைத்தார்கள். அது மேல்மட்டத்தில் நடந்தது, ஆனால் முறை பட்டறைக்கும் பொருந்தும். ஒரே நிபந்தனை: வந்தவர் தானே ஆஃப்செட் போடக்கூடாது, பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். தானே போட்டுவிட்டால் அவர் விமானம் ஏறும் அன்று ஆலை நின்றுவிடும்.

பாண்டு எழுதி வாங்கலாம், வெளிநாடு போனவரிடம் வசூலிக்க முடியாது. அதைவிடக் கூலியைப் படியாக வையுங்கள்: செட்டர் சோதனை தேறிய அன்று ஓர் ஏற்றம், 12 மாதத்தில் இன்னொன்று, 24 மாதத்தில் மூன்றாவது. தொகையைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள். கூலிக்கணக்கு சொன்ன ஒப்பீட்டில் மூன்றாவது படி உள்ளூர்ப் போட்டி ஆலையைத் தாண்டி நிற்க வேண்டும். கொரியாவோடு போட்டி போட முடியாது. அங்கே போகிறவர் போவார், அதற்குத்தான் அந்தக் கூடுதல் ஐந்து பேர்.

உபரி 50 பேர் விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். புதிய லைன் நிலைப்படும் வரை பழைய லேத்துகளும் பக்கத்தில் ஓடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கை நழுவுவார். முதல் வாரமே பட்டியல் ஒட்டினால் முதலில் கிளம்புவது உபரி ஆள் அல்ல, வெளியே வேலை கிடைக்கும் என்று தெரிந்த அந்த மூன்று நான்கு செட்டர்கள். அவர்களுக்கான கூலி ஏற்றக் கடிதத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பட்டியலை ஒட்டுங்கள்.